பன்னிரண்டு மைலுக்கு அப்பால்

உல்லாசக் கப்பலில் வருகிறவர்கள் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்பார்கள், நீச்சல் குளத்துக்கு நிற்பார்கள். கழிப்பறைக்கு மட்டும் நிற்க மாட்டார்கள். அப்படி நிற்க விடாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. மூவாயிரம் பயணிகள், ஆயிரத்து இருநூறு ஊழியர்கள். வேதிப் பொறியியல் படித்துவிட்டு இதற்குப் போனேன். என் மனைவி தோழிகளிடம், "எங்க வீட்டுக்காரரு கக்கூஸ் கலெக்டர்" என்று சொல்லிச் சிரிப்பாள்.

விசாரணை அதிகாரியாக நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. கரையிலிருந்து பன்னிரண்டு மைலுக்கு அப்பால் கழிவுநீரைத் திறந்துவிட்டதாகப் பதிவேட்டில் இருக்கிறது, ஆனால் அந்த நேரம் கப்பல் வளைகுடாவுக்குள் நங்கூரம் போட்டு நின்றதே என்று கேட்டீர்கள். நின்றது. பதிவேட்டில் எழுதியது நான். கையெழுத்தும் என்னுடையது. உங்களுக்கு இது போதும். எனக்குப் போதவில்லை, அதனால் மீதியையும் எழுதுகிறேன்.

கப்பலில் கழிவைச் சுத்தம் செய்வது இயந்திரம் என்று பலர் நினைக்கிறார்கள். தொட்டிக்குள் வளரும் நுண்ணுயிர்கள்தான் அதைத் தின்று தண்ணீரைத் தெளிய வைக்கின்றன. அந்தப் பயணத்தில் சிலருக்கு வாந்தியும் பேதியும் வந்தன. துப்புரவுப் பிரிவு எல்லா அறைகளின் கழிப்பறைகளிலும் பிளீச்சிங் கரைசலை ஊற்றித் தள்ளியது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டே நாளில் தொட்டிக்குள் இருந்தவை எல்லாம் செத்துப்போயின. மறுபடி வளர மூன்று வாரமாவது ஆகும். அதுவரை வருவதை அப்படியே சேர்த்து வைத்து, சட்டப்படி பன்னிரண்டு மைல் தாண்டி ஆழ்கடலில்தான் விட வேண்டும். வெளிக்கடல் கொந்தளித்ததால் கிளம்ப அனுமதி கிடைக்கவில்லை. ஒரு நாள் நிற்க வேண்டிய வளைகுடாவில் மூன்று நாள் நின்றோம்.

"தொட்டி தொண்ணூத்தாறு சதவீதம் சார்," என்றேன்.

தலைமைப் பொறியாளர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நம்பர என்கிட்ட ஏன்யா சொல்ற? மேல ஒருத்தரும் மூக்கப் பொத்தக் கூடாது. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

"எனக்கு இன்னிக்கு லீவு ஆரம்பிக்குது சார்."

"தொட்டி பாதிக்குக் கீழ வந்தா அடுத்த ஆளு பொறுப்பெடுப்பான். நீ இறங்கிப் போய்ப் பொண்டாட்டியப் பாரு. இல்லன்னா இங்கயே உக்காந்து இந்த நாத்தத்தோட குடும்பம் நடத்து."

வால்வைத் திற என்று அவர் சொல்லவில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

என் மனைவி அந்த வளைகுடாவின் கரையில், தன் அப்பா வீட்டில் இருந்தாள். ஏழாவது மாதம். அவளைப் பார்த்து நான்கு மாதம் ஆகியிருந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில், மேல்தளத்தில் இசைக்குழு வாசித்துக்கொண்டிருந்தபோது, வால்வைத் திறந்தேன். ஐம்பது நிமிடம் ஓடியது. வளைகுடா நீர் கடல் பக்கம் வடியும் நேரம் பார்த்துத்தான் திறந்தேன், எல்லாம் வெளியே போய்விடும் என்று. மாமா அந்த வளைகுடாவில் கயிறு கட்டிச் சிப்பி வளர்ப்பவர். கல்யாணமான புதிதில் என்னைப் படகில் கூட்டிப்போய்ச் சொல்லியிருந்தார்: "இது கஞ்சப் பய வளைகுடா மாப்பிள்ளை. உள்ள வாங்குனத லேசுல வெளிய விடாது." அன்று சிரித்தேன். வால்வில் கை வைத்தபோது அது நினைவில் இருந்தது.

மாலை நான்கு மணிக்கெல்லாம் அவள் பக்கத்தில் இருந்தேன்.

மூன்றாம் நாள் மாமா ஒரு கூடைச் சிப்பியோடு வந்தார். "மாப்பிள்ளை வந்திருக்காருன்னு பெருசு பெருசா பாத்து அறுத்தேன்." சிப்பி என்றால் எனக்கு உயிர் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஓடு வாய் திறந்த உடனே அடுப்பிலிருந்து இறக்கிவிடுவார். அதற்கு மேல் வெந்தால் ரப்பர் என்பார்.

வயிறு சரியில்லை என்றேன்.

"கப்பல்ல அப்படி என்னத்தத் தின்னு தொலைச்சீங்க?" என்றாள் அவள். "சரி, தட்ட இப்படித் தள்ளுங்க. உங்க பங்கும் எனக்குத்தான். உள்ள ஒருத்தி வேற கேக்குறா."

"ஒருத்தின்னு நீயே முடிவு பண்ணிட்டியா?" என்றார் மாமா.

"பின்ன? பையனா இருந்தா இந்நேரம் அவங்கப்பா மாதிரி வயித்துவலின்னு சுருண்டு படுத்திருப்பான்."

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

கடல் பெரியது, எல்லாம் கரைந்துபோயிருக்கும் என்று நம்பினேன். உண்மையாகவே நம்பினேன். ஆனாலும் ஒன்றைக்கூட எடுத்து வாயில் வைக்கவில்லை. சாப்பிடாதே என்று சொல்லியிருந்தால் ஏன் என்று கேட்டிருப்பாள். அவள் கேட்டால் எனக்குப் பொய் வராது. அதனால் பேசாமல் இருந்தேன். அவள் தட்டில் இருந்த ஓடுகளை எண்ணினேன். முப்பத்தொன்று.

ஐந்து வாரம் கழித்து அவள் கண்கள் மஞ்சளாயின. மாமாவுக்கும் வந்தது, பத்து நாளில் எழுந்துவிட்டார். அக்கம்பக்கத்தில் இன்னும் ஒன்பது பேருக்கு வந்து போயிற்று. கழிவுநீரிலிருந்து பரவும் காமாலை, கர்ப்பிணிகளுக்கு மட்டும் இது வேறு நோய் என்றார் மருத்துவர். "சரியா வேகாத சிப்பி ஏதாவது சாப்பிட்டாங்களா?" என்று கேட்டார். மாமா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். நான்காம் நாள் அவள் போய்விட்டாள். குழந்தை அவளுக்கு இரண்டு மணி நேரம் முன்னால். பெண்தான்.

சுகாதார அலுவலகத்திலிருந்து வந்து கரையை அலசினார்கள். மாமா வீட்டுக் கழிப்பறைக் குழியில் ஒரு விரிசல் இருந்தது. தண்ணீரிலிருந்து இருபதடி தூரம். காரணம் கிடைத்துவிட்டது என்று எழுதிக்கொண்டு போனார்கள். அந்த விரிசல் மயிரிழை அகலம்தான். அதன் வழியே ஒரு குடத்துத் தண்ணீர் கசிய ஒரு மாதம் ஆகும் என்று எனக்குத் தெரியும். அது என் படிப்பு.

மாமா தன் கையாலேயே குழியை மண் போட்டு மூடினார். கயிறுகளை எல்லாம் அறுத்துவிட்டார். இப்போது தினமும் காலையில் பேருந்து நிலையத்துப் பொதுக் கழிப்பறைக்கு நடந்து போகிறார். முழங்கால் வலி உள்ளவர்.

போன மாதம் என் வீட்டுக்கு வந்தார். நாற்காலியில் உட்கார மறுத்து வாசற்படி அருகிலேயே நின்றார். "என் வீட்டு அழுக்கே என் பொண்ணக் கொண்டுபோயிடுச்சு. ஒரு வார்த்த திட்டிருங்க மாப்பிள்ளை, மனசு ஆறும்."

நான் திட்டவில்லை. அவர் கைகளைப் பிடித்துக்கொண்டு, "தெரியாம நடந்தது மாமா. நான் உங்கள எப்பவோ மன்னிச்சிட்டேன்," என்றேன். அவர் என் தோளில் சாய்ந்து அழுதார். நானும் அழுதேன்.

வால்வைத் திறந்தது நான். பதிவேட்டில் பொய் எழுதியது நான். தெரிந்தே என் தட்டை அவள் பக்கம் தள்ளியதும் நான்தான். எந்தத் தண்டனைக்கும் மறுப்புச் சொல்ல மாட்டேன். ஒரே ஒரு வேண்டுகோள். இதை மாமாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். இப்போதுதான் கொஞ்சம் தேறி வருகிறார். வயதானவர், தாங்க மாட்டார். அவருக்காகத்தான் கேட்கிறேன்.