வரிசையில் இரண்டாவது ஆள்

கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பதைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை, ஐயா. இந்த விசாரணை அறையின் கதவு உள்பக்கமாகத் திறக்கிறது. கீல் இடது பக்கம். கீழ்க் கீலில் ஒரு திருகாணி கழன்றிருக்கிறது. குறையாகச் சொல்லவில்லை, தொழில் பழக்கம். ஆளைவிட்டுத் திருகச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்டபடி நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். அடித்தல் திருத்தல் இருக்காது.

காவல்துறை அதிரடிக் குழுவை அமைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது நாற்பத்து மூன்று பேர் விண்ணப்பித்தார்கள். குறி தவறாமல் சுடுகிறவர்களை எடுப்பேன் என்று நினைத்தார்கள். நான் ஐந்து பேரை எடுத்தேன், ஐந்து பேரும் சொன்ன இடத்தில் சொன்னபடி நிற்கத் தெரிந்தவர்கள். அவர்களில் ஒருவர் என் தங்கையின் கணவர். சொந்தக்காரனுக்குச் சலுகை என்று பேசினார்கள். பதினெட்டு கிலோ கேடயத்தை ஒரு கையில் தாங்கிக்கொண்டு மறு கையால் சிந்தாமல் தேநீர் குடிக்கிற இன்னொருவரைக் காட்டுங்கள் என்றேன். பேச்சு நின்றது.

நான் அவரை மாப்பிள்ளை என்று கூப்பிட, மொத்தக் குழுவும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தது.

"ஒரு மாமியாரையே சமாளிக்க முடியாம முழிக்கிறேன். இதுல நீங்க எல்லாரும் மாப்பிள்ளைன்னா எனக்கு எத்தனை மாமியாருய்யா?" என்பார். அந்த மாமியார் என் தாயார். நானும் சிரித்திருக்கிறேன்.

பாழடைந்த கிடங்கு ஒன்றில் ஒட்டுப்பலகையால் அறைகள் கட்டி எட்டு மாதம் பழகினோம். எங்கள் வழக்கம் இது. கதவுக்கு வெளியே ஆறு பேரும் ஒருவர் பின் ஒருவராக, முன்னால் இருப்பவரின் தோளில் இடது கையை வைத்து நிற்போம். கடைசி ஆள் தயாரானதும் ஒரு தட்டு. அந்தத் தட்டு தோள் தோளாக முன்னால் போகும். முதல் ஆளுக்கு அது வந்து சேர்ந்தால், பின்னால் ஐந்து பேரும் இருக்கிறார்கள் என்று பொருள். உடனே கேடயத்தோடு உள்ளே போய்விடுவார். கேடயம் முன்பக்கத்தை மட்டும் மறைக்கும். இடது மூலை இரண்டாவது ஆளின் பொறுப்பு, வலது மூலை மூன்றாவது ஆளின் பொறுப்பு. இதை விதிப் புத்தகத்தில் நானே என் கையெழுத்தில் எழுதினேன். முதல் ஆள் எப்போதும் மாப்பிள்ளை. கடைசி ஆள் நான்.

எட்டு மாதத்தில் எங்களை யாரும் கூப்பிடவில்லை. இவ்வளவு பேர் எதற்கு என்று மேலிடத்தில் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். ஒன்பதாவது மாதம் ஓர் அழைப்பு வந்தது. மூன்றாவது மாடிக் குடியிருப்பு, ஒரு தையல்காரர் மனைவியின் கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு கதவைப் பூட்டிவிட்டார். நாங்கள் உடைத்து நுழைந்தபோது மனைவி படுக்கையறையில் இருந்தார், கீறல்கூட இல்லை. தையல்காரர் சமையலறைத் தரையில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் தலைமேல் வைத்து அழுதுகொண்டிருந்தார். கத்தி, பாத்திரம் கழுவும் தொட்டியில் கிடந்தது.

சரணடைந்த ஆளைக் கூட்டிவந்தால், இதற்கு இரண்டு காவலர்கள் போதாதா என்பார்கள். குழுவுக்கு அத்தோடு மூடுவிழா. நான் அவரை மார்பில் இரண்டு முறை சுட்டேன். கத்தியை எடுத்து, ஈரமாக இருந்ததால் கைத்துண்டில் துடைத்து, அவருடைய வலது கையருகில் வைத்தேன். பாய்ந்து வந்தார் என்று அறிக்கை எழுதினேன். ஐந்து பேரும் கையெழுத்திட்டார்கள். அடுத்த வாரம் எங்களுக்குப் புதிய வண்டி வந்தது.

மூன்று வாரம் கழித்து, ஒரு வியாழக்கிழமை, மாப்பிள்ளை என் அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மச்சான், அந்தக் கத்தி தொட்டியில கெடந்துச்சு. நீங்க தொடச்சதை நான் பார்த்தேன்."

"அறிக்கையில கையெழுத்துப் போட்டிருக்கீங்க மாப்பிள்ளை."

"போட்டேன், புத்தி இல்லாம. அந்த மனுஷன் அழுதது காதுலயே நிக்குது. சோறு இறங்கல. திங்கக்கிழமை மேலதிகாரிகிட்ட போய் உள்ளதைச் சொல்லிடப் போறேன்."

"உங்க வேலையும் போகும்."

"போகட்டும். உங்ககிட்ட சொல்லாம போனா அது முதுகுல குத்துன மாதிரி. அதான் வந்தேன்."

நல்ல மனிதர். அதை எப்போதும் சொல்வேன்.

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு இரண்டாவது அழைப்பு வந்தது. காவலாளி ஒருவரைச் சுட்டுவிட்டு இரண்டு பேர் ஒரு டயர் கடையின் மாடி அலுவலகத்துக்குள் புகுந்திருந்தார்கள். கதவு உள்பக்கம் திறப்பது. படிக்கட்டு பாதியில் திரும்புகிறது. கடைக்காரரைக் கேட்டு அறையின் படம் வரைந்துகொண்டேன். இடது மூலையில் இரும்பு அலமாரி. நானாக இருந்தாலும் அங்கேதான் பதுங்குவேன்.

மற்ற நால்வரையும் படிக்கட்டுத் திருப்பத்திலேயே நிற்கச் சொன்னேன், கையசைத்தால் வரலாம் என்று. முன்னாலேயே ஏறிப்போய்க் கதவருகில் நின்ற மாப்பிள்ளையிடம், இன்று இரண்டாவது ஆளாக நான் நிற்கிறேன், மற்றவர்கள் எனக்குப் பின்னால் என்றேன்.

"நீங்களா? அப்ப எனக்கென்ன மச்சான் கவலை?" என்று கேடயத்தைத் தூக்கிக்கொண்டார்.

தலைக்கவசம் காதுகளை மூடியிருந்தது. அவர் தோளில் கை வைத்தேன். பின்னாலிருந்து தட்டு வந்து சேர ஆகும் நேரத்தை மனத்துக்குள் எண்ணினேன். பிறகு தட்டினேன்.

ஒரே உதையில் கதவு போயிற்று. அவர் உள்ளே பாய்ந்தார். நான் இரண்டு படி கீழே இறங்கி நின்றேன். பதினோரு குண்டுகள், எண்ணினேன். முதல் நான்கு கேடயத்தில் பட்டன, அந்த ஓசை வேறு. மற்றவை அலமாரிப் பக்கமிருந்து வந்தவை. பிறகு கையசைத்தேன். நால்வரும் என்னைத் தாண்டி ஏறி உள்ளே போய் இருவரையும் சுட்டுக் கொன்றார்கள். அதில் ஒருவனிடம் குண்டு தீர்ந்துபோயிருந்தது.

மாப்பிள்ளை சுவரோரம் சரிந்திருந்தார். இடது தாடை பெயர்ந்து தொங்கியது. கழுத்தை அழுத்திப் பிடித்திருந்த விரல்களின் இடையே ரத்தம் விட்டு விட்டுப் பீறிட்டது. நான் குனிந்தேன். சொல் குழறியது, ஆனாலும் புரிந்தது.

"எல்லாரும் உள்ள வந்துட்டாங்களா மச்சான்?"

"வந்துட்டாங்க மாப்பிள்ளை."

தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு பேசவில்லை.

தங்கைக்கு நானே நேரில் போய்ச் சொன்னேன். அது என் கடமை. அவள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஒன்றே ஒன்று கேட்டாள். "நீ கூடத்தானே அண்ணா இருந்தே?" இருந்தேன் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

என் திட்டத்தில் ஒரே ஒரு பிழை. படிக்கட்டில் நின்ற நால்வரில் வயதானவரை வாத்தியார் என்போம். அவர் உங்களிடம் வந்து ஒரே வாக்கியம் சொன்னார் என்று கேள்விப்பட்டேன். "நாங்க யாருமே தட்டலையே சார், பிறகு மாப்பிள்ளை எப்படி உள்ள போனாரு?" எட்டு மாதம் நான் சொல்லிக்கொடுத்த வழக்கம், என்னைவிட நன்றாக அவர் மனத்தில் பதிந்திருக்கிறது. நல்ல குழு என்பது அதுதான்.

மாப்பிள்ளையின் பின்னாலேயே நானும் உள்ளே போயிருந்தால் அவர் பிழைத்திருப்பாரா என்று நேற்றுக் கேட்டீர்கள். பிழைத்திருப்பார். அலமாரிக்காரனை நான் முதலில் பார்த்திருப்பேன், அந்தத் தூரத்தில் நான் தவறியதில்லை. தையல்காரரைக் கொன்றது நான். மாப்பிள்ளையைக் கொன்றதும் நான்தான். எனக்காகச் செய்யவில்லை, குழுவுக்காகச் செய்தேன்.

குழுவைக் கலைத்துவிட்டதாகச் சொன்னீர்கள். அவசரமான முடிவு. என்றைக்காவது திரும்ப அமைப்பீர்கள், அப்போது ஆலோசனை வேண்டுமென்றால் எழுதித் தருகிறேன். முதல் ஆளை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். தன் தோளில் இருக்கும் கையை அப்படி நம்புகிற மனிதர் லேசில் கிடைக்க மாட்டார்.