கொக்கு ரவை பட்ட மான்

பிள்ளைகளா, சாணார்பட்டியிலிருந்து வந்த பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பேர் பேசிக்கொண்டதை உங்களுக்காக எழுதி வைக்கிறேன்.

"கொக்கு சுடுற சின்ன ரவைய வச்சு மானச் சுட்டிருக்கியே மாப்ள," என்றார் மீசை வைத்தவர்.

"கடலையத் திங்க வந்துச்சு மச்சான். ரவைன்னா பரவிப் போயி எங்கிட்டாச்சும் படும்னு நெனச்சேன்," என்றார் மற்றவர்.

"எங்கிட்டாச்சும் பட்டா எங்கிட்டாச்சும் போயித்தான் சாகும். மானச் சுட்டதே தப்பு. பெரிய குண்டா நெஞ்சுல பட்டிருந்தா அந்த எடத்துலயே முடிஞ்சிருக்கும்."

"இன்னும் ஓடைக்குள்ளதான் கெடக்கு. கிட்டப் போனா எந்திரிக்கப் பாக்குது."

"பாரஸ்ட்காரங்ககிட்டச் சொல்லு. டாக்டரக் கூட்டிட்டு வருவாக."

"என்னைய உள்ள தள்ளிருவாக."

"தள்ளட்டும். உள்ள உனக்குச் சோறு போடுவாக. அதுக்குத் தண்ணி குடிக்கக்கூட எந்திரிக்க ஏலலயே."

நாகல் நகர் ஸ்டாப் வருவதற்கு முன்பே மாப்பிள்ளை எழுந்தார்.

"நீங்களும் கூட வாங்க மச்சான்."

இருவரும் இறங்கி, திரும்பிப் போகும் பஸ்ஸுக்காக ரோட்டைக் கடந்தார்கள்.

நான் வீட்டுக்கு வந்தபோது நீங்கள் யாரும் இல்லை. அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்திருந்த, எலி ஒட்டிக்கொண்டு நாள் கணக்கில் கிடந்து சாகும் பசை அட்டையை மடித்துக் குப்பையில் போட்டேன். ஒரே அடியில் முடிக்கும் பழைய இரும்புப் பொறியைப் பரணிலிருந்து இறக்கி, துடைத்து, தேங்காய்ச் சில்லை மாட்டி வைத்தேன்.