ஆறு மெழுகுவர்த்திகளின் சாட்சி

சகோதரிகளே, ஒரு சின்னச் சம்பவம் சொல்கிறேன். கடைசி வரிசையில் பேசுகிறவர்களும் கேட்கலாம்...

ஒரு பங்குக் கோயிலுக்கு மெழுகுவர்த்தி செய்து கொடுப்பவள் சவரியம்மாள். "என் மெழுகுவர்த்தி சராசரியாக எட்டு மணி நேரம் எரியும்" என்பது அவள் வாக்கு. கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை தொம்மை ஒன்றை ஏற்றினார். ஆறே மணி நேரத்தில் அணைந்துவிட்டது! நேரே பங்குச் சாமியாரிடம் போனார். "சாமி, இவள் சொல்வது பொய். இனி இவளிடம் வாங்க வேண்டாம்."

சவரியம்மாளுக்கு அந்த ஒரு கோயில்தான் பிழைப்பு. ஓடி வந்தாள்.

"ஒன்றைப் பார்த்தா தீர்ப்புச் சொல்வீர்கள், அண்ணாச்சி?"

"ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம், தெரியாதா?"

"பானைச் சோறு ஒரே தண்ணீரில், ஒரே அடுப்பில் வேகும். என் திரி ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கை முறுக்கியது. இது சோறா?"

எப்படிப்பட்ட கேள்வி, பாருங்கள்!

சாமியார் கணக்கு டீச்சர் பவுலினை அழைத்தார். அவர் மூன்று பெட்டிகளில் ஒவ்வொன்றிலும் மேலிருந்து ஒன்று, அடியிலிருந்து ஒன்று எடுத்தார். காற்றில்லாத அறையில் ஆறையும் ஏற்றினார். ஒன்று எட்டரை மணி நேரம் எரிந்தது. ஒன்று ஆறு மணி. மற்றவை நடுவில். சராசரி... ஏழரை.

தொம்மை துள்ளினார். "அரை மணி குறைகிறதே! அகப்பட்டாயா?"

"பொறுங்கள்" என்றார் டீச்சர். "இந்த ஆறுக்குள்ளேயே இரண்டரை மணி வித்தியாசம். வேறு ஆறு எடுத்தால் சராசரி எட்டைத் தாண்டினாலும் தாண்டும். இந்த அரை மணியை வைத்து இவளைப் பொய்க்காரி என்று சொல்ல முடியாது."

"அப்படியானால் நான் சொன்னது உண்மைதானே, டீச்சர்?"

"அதையும் நான் சொல்லவில்லை, அம்மா!"

சாமியார் சிரித்துவிட்டார். "குற்றம் நிரூபணமாகவில்லை. மெழுகுவர்த்தி வரட்டும். தொம்மை, இனி ஏற்றுகிற ஒவ்வொன்றுக்கும் நேரம் குறித்து வையும்."

இதை ஏன் சொல்கிறேன்? நம் சங்கத்தில் ஒருத்தி இரண்டு கூட்டத்துக்குத் தாமதமாக வந்தாள். இரண்டே இரண்டு! அதற்குள் "சோம்பேறி" என்று பெயர் வைத்தோமே... எத்தனை முறை பார்த்தோம்? நம்மில் யார் எல்லா நாளும் ஒரே நேரத்துக்கு வருகிறோம்? அவள் சுறுசுறுப்பானவள் என்று நான் சாதிக்கவில்லை. எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. தெரியாது என்று சொல்ல என்ன வெட்கம்? இன்று வாசலில் அவளைப் பார்த்தால், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்... ஞானஸ்நானத்தில் வைத்த பெயரை.