சீனியின் கை

காப்பி நன்றாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர். ஈப்போவில் மோசமான காப்பி கிடைப்பது கடினம்.

என் மனைவி துளசி போன ஆண்டு இறந்தாள். பரம்பரை மூளை நோய். மூளையை உருவாக்க ஆயிரக்கணக்கான மரபணுக்கள் பின்னிப் பிணைந்து வேலை செய்கின்றன. எது எதைத் தூண்டுகிறது, எது எதை அடக்குகிறது என்று இன்னும் யாருக்கும் முழுதாகத் தெரியாது. கெடுப்பதற்கு மட்டும் ஒன்றே போதும். கை நடுங்கும், உடம்பு துள்ளும், பிறகு புத்தி போகும். பெற்றவரிடமிருந்து பிள்ளைக்கு வரச் சரிபாதி வாய்ப்பு. நான் உயிரியல் பட்டதாரி.

அவள் அம்மா முத்தம்மாவுக்கும் அதுதான். கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அதைச் சாமி என்றார்கள். அவர் துள்ளும்போது மஞ்சள் துணி கட்டி, காலில் விழுந்து குறி கேட்டார்கள். பெண் பார்க்கப் போன அன்று என்னிடம் பெருமையாகச் சொன்னார்கள். நானும் கும்பிட்டேன்.

துளசிக்குக் கை ஆடத் தொடங்கியதும் அவள் தம்பி சீனி வேப்பிலையோடு வந்தான். டாக்டர் சொன்னதைச் சொல்லி, நீயும் ரத்தம் சோதித்துக்கொள் என்றேன்.

"டெஸ்டெல்லாம் எதுக்கு மச்சான்? சாமி வந்தா வரட்டும்லா. சாமி சொல்ற மொத லாட்டரி நம்பர் உங்களுக்குத்தான்."

அவள் கஞ்சியில் புரையேறிச் செத்த அன்றும் அவன் சூடம் கொளுத்தினான்.

பிறகு சிலிபினில் அவனுக்குப் பெண் பேசினார்கள். சரளா. நிச்சயதார்த்தத்தில் அவள் நிமிர்ந்து பார்த்தபோது அவன் கையில் காப்பிக் கோப்பை கடகடத்தது. எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடு என்றேன்.

"கெடுத்துறாதீங்க மச்சான். கால்ல வேணாலும் விழுறேன்."

நானே சொல்லியிருக்கலாம் என்கிறீர்கள். அவளும் கும்பிட்டிருப்பாள்.

மீன் பிடிக்கலாம் என்று, ஈயம் தோண்டிய பள்ளத்தில் நீர் நிறைந்த பழைய குட்டைக்கு அவனை அழைத்துப் போனேன். அவனுக்கு நீச்சல் தெரியாது. தூண்டிலை வீசியபோது முதுகில் கை வைத்துத் தள்ளினேன். மேலே வந்து என்னை நோக்கிக் கையை நீட்டினான். கை நடுங்கியது. இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் தீர்ந்தது. அது அடங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குக் கோபமே இல்லை.

அவன் ரத்தத்தில் அந்தக் கோளாறு இல்லை என்கிறீர்கள். மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள். கட்டிக்கொள்ளப் போகிற பெண் நிமிர்ந்து பார்த்தால் எந்தப் பையனுக்கும் கை நடுங்கும், தண்ணீரில் தவிக்கும்போது யாருக்கும் நடுங்கும் என்கிறீர்கள். நடுக்கத்தைப் பார்த்துச் சாமி என்றவர்கள் தோட்டத்துக்காரர்கள். நான் படித்தவன், இன்ஸ்பெக்டர். எனக்கு வித்தியாசம் தெரியும்.