சங்கு ஊதுவதற்கு முன்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை, மன்னிக்கவும். பாகலூரிலிருந்து வரும் கம்பெனி பஸ்ஸில், முன் சீட்டுக்காரர் பக்கத்திலிருந்தவரிடம் பேசியது இது.

“சீக்கிரம் போனது தப்பாம்ப்பா.”

“எதுலண்ணா?”

“சென்னையில பாய்மரப் படகுப் போட்டி, நேத்து முதல் நாள். எம்பொண்ணும் ஓட்டினா. நாங்க வேற படகுல இருந்து பார்த்தோம். ரேஸ் ஆரம்பிக்கிற சங்கு ஊதறதுக்குள்ள ஸ்டார்ட்டிங் கோட்டைத் தாண்டிட்டா.”

“உங்க பொண்ணாச்சே! ஷிஃப்டுக்கு அரைமணி முன்னாடியே வந்து நிக்கிற ஆளு நீங்க.”

“அதான் கை தட்டினேன். அப்படி முந்திட்டா திரும்பி வந்து மறுபடி தாண்டணுமாம். அவ சந்தேகமா என்னைப் பார்த்தா. நான் தட்டறதைப் பார்த்துட்டு நேரா போயிட்டா. முதல்ல வந்தும் செல்லாதுன்னுட்டாங்க.”

“பாப்பா என்ன சொல்லுது?”

“எங்கிட்ட பேசவே இல்ல. நாளைக்கும் ரேஸ் இருக்கு.”

மறுநாள் அவர் ஸ்டாப்பில் பஸ் இரண்டு நிமிடம் நின்றது. அவர் வரவில்லை. லீவு போட்டுவிட்டுச் சென்னைக்குப் போயிருக்கிறாராம்.