நாலு குதிரை

— மூக்கைப் பொத்திக்கிட்டே நின்னா எப்படிம்மா? கொஞ்சம் படத்தைப் பாரு.

— எனக்குப் படம் வேண்டாம்ண்ணா. வீட்டுக்காரரை ஆஸ்பத்திரியிலேர்ந்து கூட்டிட்டு வந்தாச்சு. நாளைக்கு வண்டி பூட்டணும். உங்கிட்ட விட்டுட்டுப் போன குதிரையை அவுத்துக் குடு, நான் போறேன்.

— போகலாம், போகலாம். சாயங்காலம் மியூசியத்துக்காரங்க வந்து இதை எடுத்துட்டுப் போறாங்க. நவீன ஓவியத்துல இந்த ஊருக்குன்னு என்ன இருக்குன்னு இனிமே எவனும் கேக்க முடியாது, புரியுதா?

— எந்த ஊர்லண்ணா குதிரை ரத்தச் சிவப்பா இருக்கு?

— கண்ணுக்குத் தெரியிற நிறத்தை போட்டோக்காரன் எடுத்துக்கட்டும். நான் போடுறது வலியோட நிறம், புரியுதா?

— யாரோட வலி?

— பொதுவாச் சொல்றேன்.

— அடுப்புல என்ன கொதிக்குது? நாத்தம் அங்கேர்ந்துதான் வருது.

— பசை. தோலைக் காய்ச்சி எடுக்கிறது. அடுத்த படத்துத் துணியில பூசணும்.

— அடச்சீ. ஆமா, நான் இறக்கிட்டுப் போன தீவன மூட்டை ஏன் கட்டுக்கூடப் பிரிக்காம கிடக்கு?

— அது சரியாவே சாப்பிடலம்மா.

— போட்டாத்தானே சாப்பிடும். நகரு, வெளிச்சத்தை மறைக்காதே. இந்த முதல் குதிரைக்குக் காது கிழிஞ்சிருக்கே. வேலிக்கம்பியில மாட்டிக் கிழிஞ்ச காது இது. நான்தான் மருந்து போட்டேன்.

— உனக்கு நல்ல கண்ணு.

— நாலுக்கும் அதே காதுதான். முதல்ல வயிறு இருக்கு. ரெண்டாவதுல ஒட்டிப்போச்சு. மூணாவது வெறும் விலா. நாலாவது படுத்துக் கிடக்கு. நாலும் ஒண்ணுதானேண்ணா?

— நான் அடிக்கலை, கொல்லலை. மெலிஞ்சாத்தான் எலும்போட கோடு கிடைக்கும். கடைசியில அது கண்ணுல ஒரு பார்வை வந்துச்சு பாரு, அதை மட்டும் பிடிச்சிட்டு தீவனம் வைக்கலாம்னு இருந்தேன். எழுந்திருக்கலை.

— உன் கையால பச்சைத்தண்ணி குடிச்சாலும் எனக்கு வாந்திதான் வரும்.

— இப்படிப் பேசாதேம்மா. இனிமே அதுக்குச் சாவே கிடையாது. தலைமுறை தலைமுறையா ஜனங்க வந்து நின்னு பார்ப்பாங்க, புரியுதா?

— புரியுது. அந்தப் பக்கம் பிடி, ஆணியிலேர்ந்து கழட்டணும்.

— இப்பவே எதுக்கு? அவங்க சாயங்காலம்தானே வராங்க?

— வந்துட்டுப் போகட்டும். நான் என் குதிரையைக் கூட்டிட்டுப் போகத்தானே வந்தேன். அடுப்பை அணைச்சிட்டு அந்தப் பானையையும் இறக்கிக் குடு.