ஒன்பது படங்களில் பேருந்து எது?

மணியைக் கையருகே வைத்துக்கொண்டு என் நாவுக்குக் கடிவாளம் போடக் காத்திருக்கும் இசைச் சுவைஞர் சங்கத் தலைவி அவர்களே! அழைத்ததும் வந்து, ஏன் வந்தோம் என்று வியர்த்துக்கொண்டிருக்கும் அரங்க மேலாளர் அவர்களே! பாட்டென்றால் பசி மறக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு அணிதிரண்டு வந்திருக்கும் தாய்மார்களே! இருக்கை இல்லாமல் சுவரோரம் நின்றாலும் இடியென முழங்கும் இளைஞர்களே! முப்பது ஆண்டுகள் பேருந்துப் பணிமனையில் எண்ணெய் குடித்த என் இரு கைகளையும் கூப்பி உங்களை வணங்குகிறேன்.

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகு நம் அரங்குக்கு வரும் அந்தப் பாடகியின் கச்சேரிக்கு, காலை பத்து மணிக்கு இணையத்தில் சீட்டு விற்பனை. என் துணைவியாருக்கு இடக்காது ஏற்கெனவே போய்விட்டது. வலக்காதில் விரைவில் அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு கேட்குமா என்று உறுதி சொல்ல முடியாது என்றார் மருத்துவர். திரும்பி வரும் வழியில் துணைவியார் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அதுக்குள்ள அவங்க பாடுறத ஒரு தடவ நேர்ல கேட்டுடணுங்க."

விடுவேனா நான்? விடுப்பு எடுத்தேன். சாப்பாட்டு மேசையில் மூன்று கைப்பேசிகளை வரிசையாக வைத்தேன். மணி பத்து! திரை திறந்தது! திறந்ததும் என்ன கேட்டது தெரியுமா? நான் மனிதன்தானா என்று கேட்டது! ஒன்பது படங்களைக் காட்டி, பேருந்து உள்ளவற்றை எல்லாம் தொடு என்றது. பேருந்தா? என்னிடமா? ஐந்தாவது படத்தை உற்றுப் பார்த்தேன்.

"இது பஸ் இல்லம்மா. லாரி சேஸில பாடி கட்டியிருக்கான். ஜன்னல்ல கம்பிய பாரு, கைதி வண்டி."

"ஏங்க, ஆராய்ச்சிய அப்புறம் வச்சுக்கலாம், தொடுங்க!"

"கைதி வண்டிய பஸ்ஸுன்னு எப்படிம்மா சொல்றது?"

தொடவில்லை. "நீங்கள் மனிதர் என்று உறுதிசெய்ய இயலவில்லை" என்று வந்தது. சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள்! ஆனால் அதே நேரத்தில் அந்தக் கைதி வண்டியைப் பேருந்து என்று அழுத்திவிட்டு, ஆயிரக்கணக்கில் உள்ளே நுழைந்தவர்கள் யார்? ஆட்களா? இல்லை! இயந்திரங்கள்! எங்கோ ஓர் அறையில் ஒருவர் ஏவிவிட்ட நிரல்கள். அதற்கு 'பாட்' என்று பெயராம். பேரிலேயே பாட்டை வெட்டிய பயல், பாட்டுக்கு எப்படி மரியாதை தருவான்?

நான்கே நிமிடம். அரங்கு நிறைந்தது என்றார்கள். ஐந்தாம் நிமிடம் அதே இருக்கைகள் வேறொரு தளத்தில் எட்டு மடங்கு விலையில் நிற்கின்றன! காத்திருந்தவன் பொண்டாட்டியை நேற்று வந்தவன் என்பார்களே... முன்வரிசையிலிருந்து ஒருவர் முறைக்கிறார், பழமொழியை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.

பாடுகிறவருக்கு அந்தப் பணம் போகிறதா? போகவில்லை! மேடை கட்டுகிறவருக்குப் போகிறதா? போகவில்லை! ஒரு சுரம் கேட்காதவன், ஒரு நாற்காலி துடைக்காதவன், நம் ஆசைக்கு வேலி போட்டு வாடகை கேட்கிறான். பதுக்கிய சீட்டுகளை ரத்துசெய்யுங்கள்! பெயர் எழுதி, முகம் பார்த்து, அரங்கின் சீட்டுச் சன்னலில் கொடுங்கள்! நாம் கேட்பது சலுகையா? சத்தமாகச் சொல்லுங்கள்! இல்லை!

மேலாளர் அவர்களே, ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கோபிக்காதீர்கள். படியேறும்போது நீங்கள் அன்போடு இரண்டு இலவசச் சீட்டுகளை நீட்டினீர்கள். என் கை நீண்டுவிட்டது, மறைக்கமாட்டேன். பின்னால் நின்ற துணைவியார்தான் தடுத்தார்.

"வேணாங்க. ஓசியில போய் உள்ள உக்காந்தா எனக்குப் பாட்டு கேக்காது. வெளிய நிக்கிறவங்க குரல்தான் கேக்கும்."

கேட்டீர்களா? ஒரு காதோடு ஊர்க்குரல் கேட்கிறார்! இரண்டு காதும் உள்ள நாம்...

என்ன? மேலாளர் எழுந்துவிட்டாரா? வாருங்கள் ஐயா, ஒலிவாங்கியை வாங்குங்கள்!

"பேச்செல்லாம் எனக்கு வராதுங்க. ஒரே ஆளு பல பேர்ல வாங்கின சீட்ட கண்டுபிடிச்சு ரத்து பண்றோம். சனிக்கிழமை காலைல சன்னல்ல குடுக்குறோம். ஒருத்தருக்கு ரெண்டு, பேரெழுதி."

அடடா! அடடா! இந்த ஒரு சொல்லுக்காக எத்தனை மேடை வேண்டுமானாலும் ஏறலாம்!

சனிக்கிழமை நாங்களும் வரிசையில் நிற்போம். அங்கே யாரோ கூவுகிறார், எங்களை முன்னால் விடுவதாக. வேண்டாம் தம்பி. முறைப்படி நிற்கிறோம். எங்கள் முறை வருமுன் தீர்ந்துபோனால் வலிக்கும், மிகவும் வலிக்கும். ஆனால் எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு மனிதருக்குக் கிடைத்தது என்று வாழ்த்திவிட்டுத் திரும்புவோம்.

தலைவி மணியடித்துவிட்டார். பொறுத்துக் கேட்ட உங்களுக்கு என் நெஞ்சார்ந்த நன்றி. இப்போது நீங்கள் தட்டப்போகும் கை எனக்கு வேண்டாம், முன்வரிசையில் இருக்கும் அவருக்குத் தாருங்கள். அவருக்கு வலப்பக்கம் இருப்பவர்களே, நீங்கள் பலமாகத் தட்டுங்கள். அந்தக் காதுதான் கேட்கிறது. வணக்கம்!